வாளித் தண்ணீரில் மிதந்த வெள்ளைப் பலகை

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் பிளாஸ்டிக் பலகையில் பாகங்கள் வெட்டுவிக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு 38,000 ரூபா போனது. பணம் போனால் போகட்டும், கனடாவில் என் மருமகன் பனிக்குள் தலைகுப்புற விழுந்தான்.

அக்கா குடும்பம் ஒன்ராறியோவில் பேரி நகரத்துக்கு வெளியே இருக்கிறது. ஜோர்ஜியன் குடாவைக் கடந்து வரும் காற்று ஈரத்தை அள்ளிவந்து பனியாகக் கொட்டுகிற இடம். எட்டு வயது மருமகனுக்கு அத்தான் பழைய 120 சிசி சிறுவர் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஒன்று வாங்கிக் கொடுத்தார். பொதுப் பாதையில் 12 வயதுக்குக் கீழே ஓட்ட விடமாட்டார்கள், இது வீட்டுப் பின்வளவில் மட்டும். இறுகிய பனியில் நன்றாக ஓடும். புதிதாக விழுந்த ஆழமான பனியில் முன்பக்கம் புதைந்துவிடும், பின்னால் வண்டியைத் தள்ளும் பல்வைத்த பட்டி சுழன்று சுழன்று தனக்கே குழி தோண்டும். பெரியவர்கள் மலைப்பனியில் ஓட்டும் வண்டிகளுக்குப் பட்டி 150 அங்குலத்துக்கு மேல் நீளம். இந்தக் குட்டிக்கு 70 கூட வராது.

பட்டியின் பல்லை உயரமாக்கலாம். அதற்கு மேலே இடைவெளி வேண்டும், எஞ்சினுக்கும் பலம் வேண்டும். சங்கிலிப் பல்சக்கரத்தை மாற்றினால் இழுவை கூடும், ஆனால் வண்டி மிதக்காது. சுலபமான வழி முன் ஸ்கீக்களை, அதாவது பனியில் வழுக்கிப் போகும் இரண்டு சட்டங்களை, அகலமாக்குவதுதான்: எடை அதேதான், பரப்பு கூடுவதால் அமிழ்வது குறையும். அத்தான் வரைபடம் அனுப்பினார். பழைய ஸ்கீயின் அடியில் பொருத்த 7 அங்குல அகலத்தில் இரண்டு பலகை, வண்டி திரும்ப உதவும் இரும்புக் கம்பி வெளியே நிற்க நடுவில் ஒரு காடி. பொருள் யூஎச்எம்டபிள்யூ பொலிஎதிலீன் என்கிற பிளாஸ்டிக். கடும் குளிரிலும் உடையாமல் அடிதாங்கும் என்பதால்தான் அது. "கொழும்பில மலிவாச் செய்யலாம்தானே" என்று கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா? "நான் பார்க்கிறன் அத்தான்" என்றுவிட்டேன்.

நான் போன கடையில் வரைபடத்தைப் பார்த்ததுமே "இருக்கு சேர், அதே சாமான்தான்" என்றார்கள். மைனஸ் 20 வரை தாங்க வேண்டும் என்று வரைபடத்தின் ஓரத்தில் நானே பேனையால் எழுதிக் கொடுத்தேன். எனக்குச் சந்தேகம் வந்ததைப் பார்த்து முதலாளி ஒரு துண்டை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. "பாருங்கோ சேர், பிவிசி என்றால் தாண்டிருக்கும்." அது உண்மைதான், பிவிசி தாழும். அந்த உண்மையில்தான் நான் விழுந்தேன். பொலிப்ரொப்பிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கும் மிதக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

ஒக்டோபர் 11 அன்று மிச்சக் காசைக் கொடுத்துப் பலகைகளை எடுத்தேன். பில்லில் "பிளாஸ்டிக் வேலை" என்ற இரண்டே சொல். பொருளின் பெயர் எங்கும் இல்லை. அங்கேயே நின்று எழுத வைத்திருக்க வேண்டும். வெயில், பசி, வெளியே ஓட்டோக்காரர் வேறு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். வெட்டில் மிஞ்சிய துண்டுகளையும் சும்மா கேட்டு வாங்கிவந்தேன். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். நவம்பரில் ரொறன்ரோ போன மாமி ஒருவரின் பெட்டியில் பலகைகள் போயின. அவற்றுக்கு இடம்விட அம்மா இடித்து வைத்திருந்த மிளகாய்த்தூளில் பாதி வெளியே வந்தது. அக்கா அதை இன்னும் மறக்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, மைனஸ் 16. முதல் ஓட்டம். அத்தான் அனுப்பிய வீடியோவில் பையன் முழங்கால் பனியில் மிதந்துபோவது அழகாகத்தான் இருந்தது, ஒரு அரை நிமிடம். அப்புறம் பனிக்குள் மறைந்திருந்த மரக்கட்டை ஒன்றில் இடது ஸ்கீ தட்டியது. பலகை மண்சட்டி மாதிரி ஆணித்துளை வழியாகப் பிளந்தது, உடைந்த துண்டு குறுக்கே செருகி வண்டி சரிந்தது. இந்த வண்டிகள் வேகமாகப் போவதில்லை, விழுந்ததும் மெத்தைபோன்ற பனி. ஹெல்மெட்டும் போட்டிருந்தான். காயமில்லை. "மாமா செய்த சாமான் உடைஞ்சிட்டுது" என்று அழுதான் என்பதுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது.

அன்றிரவு மிச்சத்துண்டு ஒன்றைப் பிரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி சமையலறையில் பாவிக்கும் வெள்ளை வெட்டுப்பலகையையும் அவளுக்குச் சொல்லாமல் கூட வைத்தேன். காலையில் எடுத்தவுடன் சுத்தியலால் இரண்டையும் அடித்தேன். கடைக்காரர் தந்த துண்டு இரண்டாவது அடியிலேயே முறிந்தது. வெட்டுப்பலகையில் ஒரு பள்ளம், அவ்வளவுதான் (அதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கதை). இரத்மலானையில் பிளாஸ்டிக் அச்சு வேலை செய்யும் நண்பரிடம் துண்டைக் காட்டினேன். நகத்தால் கீறி, மேசையில் தட்டிப் பார்த்து, "இது பொலிப்ரொப்பிலீன். சாதாரண வகை பூச்சியத்துக்குக் கீழே போனாலே நொறுங்கத் தொடங்கும். நீங்கள் கேட்டது மெழுகுபோல் வழுக்கும், தட்டினால் இப்படி டக்கென்று கேட்காது" என்றார். பிரீசரில் வைக்காமல் கொழும்பில் எப்படிச் சோதித்தாலும் அந்தப் பலகை நல்ல பலகைதான். இங்கே அதற்குக் குளிர் எங்கே?

கடையில் போய்க் கேட்டேன். "நாங்க வித்தது கொழும்பில சேர், கனடாக் குளிருக்கு நாங்க என்ன செய்ய?" என்றார் முதலாளி. நான் எழுதிக் கொடுத்த வரைபடம் எங்கே என்றேன். தொலைந்துவிட்டதாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் அழைத்தேன். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் அழைத்தது ஜனவரி 20. ஒன்பது நாள் பிந்திவிட்டேன். வெளிநாட்டுக் குளிருக்காக இங்கே ஏதாவது செய்விப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனியுங்கள்: ஒக்டோபரில் வாங்கிய பொருளின் வண்டவாளம் ஜனவரியில்தான் தெரியவரும். ஒரு துண்டை முதலில் வாங்கி உங்கள் வீட்டுப் பிரீசரில் ஒரு இரவு வையுங்கள், அடித்துப் பாருங்கள், அதற்குப் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். பில்லில் பொருளின் முழுப்பெயரை எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். வரைபடத்தில் அவர்களின் கையெழுத்தோடு ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

கடைசியில் முதலாளி 5,000 ரூபாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதில் மிளகாய் வாங்கி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.