லிட்டில் இந்தியா பருத்திப் பைஜாமா: துணி நன்று, தையல் சுமார்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் தெருத் துணிக்கடைகளில் தொங்கும் நாடா வைத்த பருத்திப் பைஜாமா, பெயருக்குப் பொருத்தமான உடுப்பு. பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால், ‘ஜாமா’ என்றால் உடை. இந்தியாவில் பகலிலும் உடுத்திய இந்தக் காலுடையைத் தூங்குவதற்கென்று ஆக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். மேல்சட்டையும் பிறகு சேர்ந்ததுதான். ஆகவே ‘செட்’டாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை.

இந்தப் புழுக்கத்துக்குத் துணி அருமை. தையலில்தான் கோளாறு. கவட்டில் ஒற்றைத் தையல் போட்டிருந்தால், சப்பணமிட்டு உட்காரும்போது முதலில் பிரிவது அங்கேதான். கடையிலேயே உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். முதல் சலவையில் பருத்தி சுருங்கும். நீளத்தில் 2 அங்குலம் கூடுதலாக எடுங்கள். நாடாவின் நடுப்பகுதியைப் பின்பக்க இடுப்புப் பட்டியோடு சேர்த்து நாலு தையல் குத்திவிட்டால் அது உள்ளே ஓடாது. ஏற்கெனவே ஓடிவிட்டதா? முழுதாக உருவி, முனையில் ஊக்கு மாட்டி மறுபடி கோர்க்கலாம். எலாஸ்டிக் வைத்தது வேண்டாம். டோபி கடை டிரையர் சூட்டில் சீக்கிரமே தொளதொளத்துவிடும்.