தில்லிக் குளிரில் வாட்ச், ஆக்சிமீட்டர், பிபி கருவி: எதை எவ்வளவு நம்பலாம்?

மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் மூன்று கருவிகள் சில வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கின்றன: என் ஸ்மார்ட்வாட்ச், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க அப்பாவுக்காக வாங்கிய விரல் ஆக்சிமீட்டர், மேல்கையில் பட்டை சுற்றும் பிபி கருவி. மற்ற மாதங்களில் மூன்றின் மீதும் புகார் இல்லை. ஜனவரி அதிகாலையில் வெப்பநிலை நான்கைந்து டிகிரிக்கு இறங்கும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரிகிறது.

வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதைத் திரும்பி வரும் ஒளியில் படிக்கிறது. குளிர் பட்டதும் உடல் வெப்பத்தைக் காக்கத் தோலடி ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. துடிப்பின் அலை மெலிகிறது. கை வீச்சின் அதிர்வு அதை மூடிவிடுகிறது. காலை நடையின் தொடக்கத்தில் எண்ணே வராது, அல்லது என் காலடி வேகமே இதயத் துடிப்பாகப் பதிவாகும். உடல் சூடேறியதும் சரியாகிவிடும். வீட்டிலேயே கட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் கைக்குள் மறைத்துக் கிளம்பினால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

ஆக்சிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளால் வேலை செய்வது. அதற்கு வாய்த்த இடமோ குளிரில் முதலில் ரத்தம் குறையும் விரல்நுனி. ஒரு காலை அப்பாவுக்கு 89 காட்டியது. மூச்சிரைப்பு இல்லை, பேச்சு தெளிவாக இருந்தது. சூடான காபி டம்ளரைச் சிறிது நேரம் பிடித்திருக்கச் செய்து மறுபடி பார்த்தபோது 96. திரையில் நாடி அலை தட்டையாக இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவே வேண்டாம். விரல் சூடான பிறகும் எண் குறைவாகவே நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பிபி கருவியின் கதை வேறு. அது மேல்கையின் பெரிய தமனியில் அளப்பதால் குளிர்ந்த தோல் அதை அவ்வளவாகக் குழப்புவதில்லை. சுருங்கிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயம் பாடுபடுவதால், அழுத்தமே மெய்யாக ஏறுகிறது. கையைப் பனிநீரில் ஒரு நிமிடம் வைத்து அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் பரிசோதனை 1930களிலிருந்தே உண்டு. அதனால் அப்பா ‘குளிர்தானே, விடு’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பதைக்கும். குளிர்காலத்தில் பலருக்கு ரத்த அழுத்தம் கோடையைவிட உயர்ந்து நிற்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. ஹீட்டர் போட்ட அறையில், சாய்ந்து உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு அளக்கிறோம். ஸ்வெட்டருக்கு மேல் பட்டை சுற்றுவதில்லை. சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டுவதும் இல்லை. கையை முழுதாக வெளியே எடுத்துவிட்டுத் தோளில் சால்வை போர்த்திவிடுவேன். அப்படி அளந்தும் உயர்ந்தே நின்ற எண்களை நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினோம். அந்தக் குளிர்காலத்துக்கு மாத்திரை அளவை மாற்றினார்.

தில்லியில் பெற்றோருக்காக ஒன்று மட்டும் வாங்குவதென்றால் மேல்கைப் பட்டைக் கருவியை வாங்குங்கள். பட்டை அவர்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே சுற்றிப் பாருங்கள்.