மிச்ச மீனை எங்கே வைப்பது: ஃபிரிட்ஜ் தட்டா, ஃபிரீசரா, ஐஸா?

வாங்கிய மீன் அன்றைக்கே குழம்பாகிவிட்டால் பிரச்சினையே இல்லை. சீலா விலை இறங்கியிருக்கிறதே என்று கூடுதலாக வாங்கி, பாதியை நாளைக்கு எடுத்து வைக்கும்போதுதான் யோசனை வருகிறது. எங்கள் வீட்டில் மூன்று வழியும் பார்த்து, கடைசியில் ஐஸில் வந்து நின்றிருக்கிறோம். அதனால் நான் எழுதுவதில் ஐஸ் பக்கம் சாய்வு இருக்கும்.

ஃபிரீசரை முதலில் முடித்துவிடுகிறேன். வாரக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் 18 டிகிரிதான் கதி. அங்கே கிருமி பெருகாது. ஆனால் எல்லாம் செத்தும் போகாது, உருகியதும் திரும்ப வேலையைத் தொடங்கும். வீட்டு ஃபிரீசர் மெதுவாக உறைய வைப்பதால் சதைக்குள் ஐஸ் பெரிய படிகங்களாகி நாரைக் கிழிக்கிறது. அப்புறம் வறுக்கப் போட்டால் தண்ணீர் விட்டு உதிர்கிறது. விளைமீன் ஓரளவு தாங்கும். சாளை மாதிரி எண்ணெய் மீன், அந்தக் குளிரிலும் நாள்பட நாள்பட காறிப்போகும்.

உண்மையான போட்டி ஃபிரிட்ஜ் தட்டுக்கும் ஐஸுக்கும்தான். ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரி, ஐஸ் பூஜ்யம். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். மீன் கெடும் வேகம் பூஜ்யத்தைவிட 5 டிகிரியில் இரண்டு மடங்குக்கு மேல், 10 டிகிரியில் சுமார் நான்கு மடங்கு. சித்திரை மாதத்தில் ஆளுக்கொரு தடவை தண்ணீர் பாட்டிலுக்காகக் கதவைத் திறக்கிற வீட்டில் உள்ளே 5 டிகிரி நிற்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

அதைவிட முக்கியம், மீன் எவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது என்பது. மதுரை நெல்பேட்டை மீன் மார்க்கெட்டிலிருந்து கேரிபேக்கில் வீடு வந்து சேரும் மீன் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அதை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால், குளிர்ந்த காற்று அதன் நடுச்சதை வரை எட்டப் பல மணி நேரம் ஆகும். ஐஸ் அப்படியில்லை. மீனை ஒட்டியே உருகுகிறது, உருகிய தண்ணீரும் இடுக்கெல்லாம் ஓடிச் சூட்டை இழுக்கிறது. கணக்குக்கு ஒரு கிலோ ஐஸ் மூன்று கிலோ மீனைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். மதுரைச் சூடும் சேர்ந்து ஐஸை உருக்குமே, அதனால் கிலோவுக்குக் கிலோ என்று வைத்துக்கொள்வது நல்லது. கரண்ட் போனாலும் ஐஸ் இருக்கும்வரை கவலையில்லை.

இந்த முதல் சில மணி நேரத்தை இவ்வளவு பேசுவதற்குக் காரணம் சூரை, கும்ளா, சாளை. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்கிற அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்கிற, அலர்ஜி மாதிரி தொந்தரவு தரும் பொருளாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டானால் கொதிக்கிற குழம்பிலும் போகாது, வறுத்தாலும் போகாது, ஃபிரீசரிலும் போகாது. நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், பல நேரம் நாற்றமே இருக்காது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலிக்கும். ‘எனக்கு மீன் ஒத்துக்காது’ என்று சொல்கிறவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல, அது வெயிலில் கிடந்த நேரம்.

ஐஸில் வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவி, ஓட்டைத் தட்டில் ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்கி, கீழே தண்ணீர் பிடிக்க ஒரு சட்டி வைத்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைக்கிறோம். காலையும் மாலையும் தண்ணீரைக் கொட்டி ஐஸ் சேர்க்க வேண்டும். மீன் தண்ணீரில் ஊறினால் ருசி போய்விடும். துண்டு போட்ட மீன் என்றால் பையில் கட்டித்தான் புதைக்க வேண்டும். கடை ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததோ, வீட்டு டிரே ஐஸ்தான் நான் போடுவது. இவ்வளவு செய்ய நேரமில்லை என்றால், மறுநாள் மதியத்துக்குள் சமைக்கிற விளைமீனுக்கு ஃபிரிட்ஜ் தட்டே போதும். சூரைக்கு அந்தச் சலுகை கிடையாது.

கண்மாய் மீனில் எனக்கு அனுபவம் குறைவு. வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும் மீன் ஐஸில் கூடுதல் நாள் தாங்கும் என்பார்கள். கெண்டையை அப்படி நாள்கணக்கில் வைத்துப் பார்க்க எங்களுக்கு அவசியம் வரவில்லை. அயிரை உயிரோடு வாங்குவது, அன்றைக்கே சட்டிக்குப் போய்விடும்.

எந்த வழியானாலும், கடைக்குப் போகும்போதே வண்டியில் ஒரு தெர்மோகோல் பெட்டியும் கொஞ்சம் ஐஸும் கொண்டுபோய்விடுங்கள். மீன் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். காய்கறியை முதலில் முடித்துவிடலாம்.