மத்தியா, மாத்திரையா, ஆளிவிதையா?

மூளைக்கு ஒமேகா-3 நல்லது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை மத்தி மீனிலிருந்து எடுப்பதா, மீன் எண்ணெய் மாத்திரையிலிருந்தா, ஆளிவிதையிலிருந்தா என்பதில்தான் எங்கள் வீட்டில் பேச்சு ஓடியது. எழுபதைத் தாண்டிய அப்பா, மாசமாயிருந்த தங்கை, நான் என மூன்று பேருக்கும் சேர்த்து மத்தியை முடிவு செய்தோம். விலை மலிவு, பொரித்தால் வீடெல்லாம் வாடை; அதற்கு மேல் இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். மூளையில் சேர்வது டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 வகை: 22 கார்பன், 6 இரட்டைப் பிணைப்பு கொண்ட கொழுப்பு அமிலம். ஆளிவிதையில் இருப்பதோ ஏஎல்ஏ என்ற இன்னொரு ஒமேகா-3 வகை. 18 கார்பன், 3 பிணைப்புதான். அதை டிஹெச்ஏவாக மாற்றும் மிச்ச வேலையைப் பெரும்பாலும் ஈரல்தான் பார்க்க வேண்டும். ஆண்களின் உடலில் அது மிகச் சொற்பமாகவே நடக்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தயவில் கொஞ்சம் கூடுதல். ஆக, அதே ஒரு ஸ்பூன் ஆளிவிதைப் பொடி அப்பாவுக்கும் தங்கைக்கும் ஒரே பலன் தராது. போதாததற்கு, சூரியகாந்தி எண்ணெயில் நிறைந்திருக்கும் ஒமேகா-6 அமிலமும் இந்த மாற்றத்தைச் செய்யும் அதே நொதிக்குத்தான் போட்டி போடுகிறது. எங்கள் அடுப்படியில் அந்த எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை.

தங்கைக்கு மாற்றம் ஓரளவு நடக்கும் என்றாலும் அதை மட்டும் நம்பியிருக்க மனமில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலிருந்து இரண்டு வயது வரைதான் பிள்ளையின் மூளையில் டிஹெச்ஏ வேகமாகச் சேர்கிறது. மத்தியில் அது நேரடியாகவே கிடைக்கிறது; சின்ன மீன் என்பதால் சுறா போலப் பாதரசப் பயமும் இல்லை. நாங்கள் குழம்புதான் வைக்கிறோம். பொரித்தால் மீனின் கொழுப்பில் கொஞ்சம் சட்டியோடு போய்விடும்.

அப்பா விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. வளர்ந்தவர் மூளையில் டிஹெச்ஏ மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. இரத்தத்தில் கூடியதாலேயே மூளையிலும் கூடிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

மீன் எண்ணெய் மாத்திரையிலும் நேரடி டிஹெச்ஏதான். ஆனால் முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்றிருப்பது எண்ணெயின் அளவு. பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள். சாதாரண வகையில் டிஹெச்ஏ 120 மில்லிகிராம்தான் இருக்கும். எண்ணெய் கெட்டிருந்தால், ஒன்றை வெட்டி முகர்ந்தால் சிக்கு வாடை தெரிந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஆளிவிதையை அடியோடு விட்டுவிடவில்லை. அரைத்து மோரில் கலந்தால் அப்பாவின் மலச்சிக்கலுக்கு நன்றாகக் கேட்கிறது.

சைவர்களுக்குப் பாசி எண்ணெய் இருக்கிறது. மீனுக்கே டிஹெச்ஏ வருவது பாசி வழியாகத்தான். நாங்கள் வாங்கிப் பார்த்ததில்லை, அதனால் எந்த பிராண்ட் என்று என்னைக் கேட்காதீர்கள்.