கூகுள் மேப் பதிவா, வாட்ஸ்அப் பிசினஸா?

தனி ஆளாகத் தையல் கடை நடத்துபவர், விளம்பரத்துக்கென்று மாதம் ஐந்நூறு ரூபாய்கூட ஒதுக்க இயலாத நிலையில், கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வதா, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தொடங்குவதா என்று கேட்டால், இரண்டும் இலவசமே ஆயினும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதையே முதலில் சொல்வேன்.

கூகுள் பதிவு, நம்மை அறியாதவரை நம் வாசலுக்கு அழைத்து வருகிறது. ‘அருகில் தையல் கடை’ என்று தேடுபவருக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் கொண்டே கூகுள் கடைகளை வரிசைப்படுத்துகிறது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் சரியான வகைப்பெயர், கடை திறக்கும் நேரம், நாமே எடுத்த படங்கள், மதிப்புரைகளுக்கு நாம் எழுதும் பதில்கள் ஆகியவை நம் கையில் இருக்கின்றன. மதிப்புரைக்காகத் தள்ளுபடி தருவது கூகுளின் விதிகளுக்கு முரணானது. தைத்த துணியைக் கொடுக்கும்போது வாய்விட்டுக் கேட்பதே நேர்மையான வழி.

2018இல் அறிமுகமான வாட்ஸ்அப் பிசினஸ், ஏற்கெனவே வந்தவரைத் தக்கவைக்க உதவுகிறது. கேட்டலாக் என்னும் படப் பட்டியலில் மாதிரிகளைக் காட்டலாம். ‘அளவு எடுத்தாயிற்று’, ‘பணம் பாக்கி’ என்று லேபிள் இட்டு ஆர்டர்களைப் பிரிக்கலாம், நோட்டுப் புத்தகத்தில் தேடும் வேலை குறையும். ஆயினும், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்ப உதவும் வழக்கமான பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க இயலாது; நம் எண்ணைச் சேமித்திருப்பவருக்கே செய்தி போய்ச் சேரும்.

தெருவைப் பார்த்த கடை உள்ளவர் கூகுளிலும், வீட்டிலிருந்தே தெரிந்தவர்களுக்குத் தைப்பவர் வாட்ஸ்அப்பிலும் தொடங்குவதே நல்லது.