வரியை மீட்டுத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களிடம் கையெழுத்திடும் முன்

பிரித்தானியாவில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் நம்மவர்கள், "கூடுதலாகப் பிடித்த வரியை மீட்டுத் தருகிறோம்" என்று முகநூலில் விளம்பரம் செய்யும் நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எனக்குத் திரும்பி வந்த 2,514 பவுண்டில் 1,207 பவுண்டை அப்படியொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது.

சிக்கல் வேலையிடத்தில்தான் தொடங்கியது. 2023 செப்டம்பரில் லண்டன் ஹாரோ பகுதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தேன். அந்த வரியாண்டில் (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) அதற்கு முன் எனக்கு வேலை ஏதும் இல்லை என்று சொல்லியிருந்தும், புதிய ஊழியருக்கான படிவத்தைத் தாங்களே நிரப்பிய அலுவலகத்தார், 'ஏ' என்ற கூற்றுக்குப் பதிலாக, வேறொரு வேலையும் உண்டு என்று பொருள்படும் 'சி' கூற்றில் குறியிட்டுவிட்டனர். அதனால் என் சம்பளச் சீட்டில் 1257எல் என்று இருக்க வேண்டிய வரிக் குறியீடு 'பிஆர்' என்று வந்தது. 1257எல் என்றால் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. பிஆர் என்றால் அந்தச் சலுகையே கிடையாது, முதல் பவுண்டிலிருந்தே 20 விழுக்காடு பிடிப்பார்கள். மாதம் 2,000 பவுண்டு சம்பளத்தில் 400 பவுண்டு வீதம், மார்ச் வரை 2,800 பவுண்டு போயிற்று. நான் கட்ட வேண்டியிருந்ததோ வெறும் 286 பவுண்டு. கேட்டபோதெல்லாம், "ஏப்ரலில் தானாகச் சரியாகிவிடும்" என்பதே சம்பளப் பிரிவின் பதில்.

மே மாதத்தில் அந்த நிறுவனம் தொடர்புகொண்டது. பணம் வந்தால் மட்டுமே கட்டணம் என்றார்கள். 40 விழுக்காடு என்று தொலைபேசியில் சொன்ன பெண், அதன்மேல் வாட் வரியும் உண்டு என்பதைச் சொல்லவில்லை. கைபேசித் திரையில் விரலால் இட்ட கையெழுத்து, பணத்தைப் பெற்றுக்கொள்ளும் நியமனதாரராக அவர்களையே ஆக்கும் பகுதிக்கும் பொருந்தும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. வரித்துறை அனுப்பிய முழுத் தொகையும் அவர்களுடைய கணக்குக்குப் போய், மீதி 1,307 பவுண்டு எனக்கு வந்தது. முறையிட்டதற்கு, "நீங்கள் ஒப்புக்கொண்டதுதானே" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல். திரும்பி வரும் வரிப் பணத்தின் உரிமையையே எழுதி வாங்கும் ஒப்பந்தங்கள் 2023 மார்ச் 15 முதல் சட்டப்படி செல்லாது. ஆனால் பணத்தைப் பெற்றுக்கொள்ள மட்டும் ஒருவரை நியமிப்பது இன்றும் செல்லும், இவர்கள் பிழைப்பது அதை வைத்துத்தான்.

இந்த வேலைக்கு முகவரே தேவையில்லை என்பதுதான் எரிச்சல். அரசின் இணையதளத்தில் தனிநபர் வரிக் கணக்கைத் திறந்தால் உங்கள் குறியீடும், உங்களுக்கு எத்தனை வேலை இருப்பதாக வரித்துறை நினைக்கிறது என்பதும் தெரியும். தவறு இருந்தால் அங்கேயே திருத்தக் கேட்கலாம். ஆண்டு நடுவில் திருத்தினால், கூடுதலாகப் பிடித்த பணத்தை முதலாளியே அடுத்த சம்பளத்தோடு தந்துவிடுவார். குறியீட்டின் பின்னால் 'எம்1' அல்லது 'டபிள்யூ1' ஒட்டியிருந்தால் மட்டும் பழைய மாதங்கள் கணக்கில் சேராது; அதையும் நீக்கச் சொல்லுங்கள். ஆண்டு முடிந்துவிட்டால், பொதுவாக ஜூன் முதல் 'பி800' என்ற கணக்குக் கடிதம் வரும். பணத்தை இலவசமாக உங்கள் வங்கிக்கே வரவழைக்கலாம்.

கோருவதற்கு நான்கு ஆண்டு அவகாசமும் உண்டு. 2023-24 வரியாண்டுக்கு 2028 ஏப்ரல் 5 வரை நேரம் இருப்பதால், "இந்த வாரமே கடைசி" என்று அவசரப்படுத்தும் குறுஞ்செய்தியை அழித்துவிடுங்கள்.