மறுபடி பூக்கும் ஐரிஸா, நிலத்து ஆர்க்கிட்டா?

ஐரிஸ் என்னும் பூச்செடி வசந்தத்தில் ஒருமுறை பூத்து அடங்கிவிடும் என்றே பலரும் எண்ணுகிறோம். ஆயினும் இதழில் தாடிபோன்ற மயிர் கொண்ட தாடி ஐரிஸ் வகையில் இலையுதிர் காலத்தில் மறுபடி மொட்டுவிடும் ரகங்களும் உண்டு. லாய்ட் சர்பிரிக் 1982-இல் பதிவுசெய்த ‘இம்மார்ட்டாலிட்டி’ என்னும் வெள்ளை ரகம் அவற்றுள் பெயர்பெற்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வாசல் தொட்டியில் கலப்பினம் செய்துபார்க்க விரும்பும் ஒருவர் இந்த ஐரிஸை நாடுவதா, சிங்கப்பூர்ச் சாலையோரங்களிலேயே பூத்து நிற்கும் ஸ்பாத்தோகுளோட்டிஸ் என்னும் நிலத்து ஆர்க்கிட்டை நாடுவதா?

கைவேலை என்று பார்த்தால் ஐரிஸ் எளியது. ஒரு பூவின் மகரந்தப்பையை இடுக்கியால் எடுத்து, மற்றொரு பூவின் சூல்முடியில் தேய்த்துவிட்டால் போதும். பொறுமையைச் சோதிப்பது அதன் மரபுக் கணக்குதான். உயரமான தாடி ஐரிஸில் 48 குரோமோசோம்கள் நான்கு தொகுதிகளாக அமைந்துள்ளன. வளர்ப்பாளர்கள் பலர் கருதுவதுபோல் மறுபூப்பு ஒரு ஒடுங்கு பண்பு என்று கொண்டால், நான்கு தொகுதியிலும் அது இருந்தால்தான் வெளிப்படும். ஆகவே மறுபூக்கும் செடியை, அப்பண்பு எந்தத் தொகுதியிலும் இல்லாத, ஒருமுறை மட்டும் பூக்கும் அழகிய செடியோடு கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் ஏமாற்றிவிடும். அந்த நாற்றுகளைத் தமக்குள் கலந்தால் 36-இல் ஒன்றும், மறுபூக்கும் பெற்றோருடனேயே திரும்பக் கலந்தால் 6-இல் ஒன்றும் நாம் தேடுவதாக அமையலாம். இடம் குறைந்தவருக்கு இரண்டாவது வழியே தக்கது. புதிய நிறங்கள் குறையும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. எவ்வழியாயினும் முதல் பூவைக் காணவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

சிங்கப்பூரிலோ இந்தக் கணக்கைத் தொடங்கவே முடிவதில்லை. விதைக்கு வேண்டிய குளிரை, குளிர்பதனப் பெட்டியில் தயிருக்கும் இஞ்சிக்கும் நடுவே ஈரத்தாளில் வைத்துக் கொடுத்துவிடலாம். வளர்ந்த செடிக்கு வேண்டிய குளிர்காலத்தை எங்கிருந்து கொடுப்பது? வெயிலில் காய்ந்திருக்க விரும்பும் அதன் கிழங்கு, ஆண்டு முழுவதும் பெய்யும் நம் மழையில் அழுகிவிடும்.

ஸ்பாத்தோகுளோட்டிஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே தண்டில் பூக்கள் அடுத்தடுத்து விரிய, தொட்டியில் ஏறத்தாழ எப்போதும் பூ இருக்கும். மறுபூப்புக்கென்று தனியே தேர்வுசெய்ய வேண்டியதில்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் தாவரவியலாளர் எரிக் ஹோல்டம் 1928-இல் ஆர்க்கிட் கலப்பினப் பணியைத் தொடங்கியபோது, அதில் முதலில் கிடைத்த கலப்பினமும் இந்த இனத்தைச் சேர்ந்த ‘பிரிம்ரோஸ்’தான், மஞ்சள் ஆரியாவும் ஊதா பிளிகாட்டாவும் அதன் பெற்றோர். ஆனால் தூசுபோன்ற அதன் விதையைக் கிருமி நீக்கிய குடுவையில், ஊட்டக் கூழின்மேல் முளைக்கவைக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் ஐரிஸ் தெளிவாக முந்துகிறது.

ஐரிஸ் குடும்பம்தான் வேண்டும் என்பவருக்கு மஞ்சள் டிரைமீசியா இருக்கிறது. பூ ஒருநாள்தான் நிற்கும் என்றாலும் செடி மறுபடி மறுபடி பூக்கும். கலப்பினத்துக்கென்று அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

என் தெரிவு நிலத்து ஆர்க்கிட்டே. பிளிகாட்டாவைத் தாயாகக் கொள்பவர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: அதன் பூ விரிவதற்குள்ளேயே தன்மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுவது உண்டு. ஆகையால் மொட்டு நன்கு பருத்ததும் அதை மெல்லத் திறந்து, மகரந்தத் திரளை முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும்.